கூண்டில் நின்றவர்களுக்காக – 11: கார்லண்ட் தெரு வீடு

சென்ற இதழில் கிளாரன்ஸ் டாரோவை டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில் விட்டிருந்தோம். பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்காக 1925 ஜூலை வெயிலில் வாதாடி, வழக்கில் தோற்று, ஊர் உலகமெல்லாம் பேசும் பெயரோடு திரும்பியிருந்தார். வயது 68. உடல் களைத்திருந்தது. புது வழக்கு எதையும் எடுக்கும் மனநிலையில் அவர் இல்லை. அந்த நேரத்தில்தான், நியூயார்க்குக்கு வந்திருந்த அவரைத் தேடி ஒரு கொலை வழக்கு வந்தது.

செப்டம்பர் 9-ஆம் தேதி இரவு, டெட்ராய்ட் நகரில் ஒரு வீட்டு ஜன்னல்களிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. எதிர்வரிசையில் நின்றிருந்த லியோன் பிரைனர் என்பவர் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தார். இன்னொருவருக்குக் காலில் காயம். அந்த வீட்டில் இருந்த 11 பேரையும் போலீஸ் கைது செய்தது. உள்ளேயிருந்து 10 துப்பாக்கிகளையும் ஏராளமான தோட்டாக்களையும் எடுத்தது. சம்பவ நேரத்தில் காவல் அதிகாரிகளே தெருவில் நின்றிருந்தார்கள். தெரு அமைதியாக இருந்தது, கூட்டமே கூடவில்லை, காரணமில்லாமல் சுட்டார்கள் என்று சாட்சி சொல்ல அவர்கள் தயார். கைதானவர்களில் ஓர் இளைஞன் தான் சுட்டதை ஒப்புக்கொண்டும் விட்டான். 11 பேரும் கறுப்பர்கள். இறந்தவர் வெள்ளையர். ஜூரியில் உட்காரப் போகிறவர்களும் வெள்ளையர்களாகத்தான் இருப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மிச்சிகன் மாநிலம் 1846-லேயே கொலைக்கான மரண தண்டனையை ஒழித்துவிட்டது. ஆகவே தூக்குக் கயிறு இல்லை. குற்றம் நிரூபணமானால் 11 பேருக்கும் ஆயுள் சிறை.

அன்றைய டெட்ராய்ட் எப்படிப்பட்ட நகரம் என்று தெரியாமல் இந்த வழக்கு புரியாது. 1914-இல் ஃபோர்டு ஆலை நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தது. பிறகு முதல் உலகப் போர் வந்து ஐரோப்பியத் தொழிலாளர் வரத்தை நிறுத்தியது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கே ரயில் ஏறினார்கள். 1910-இல் 6,000-ஐக்கூட எட்டாத அவர்கள் தொகை, 1925 வாக்கில் 80,000 அளவுக்கு ஏறிவிட்டது. வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. ‘பிளாக் பாட்டம்’ என்ற நெரிசலான கீழ்ப்புறத்துப் பகுதியைத் தாண்டி அவர்கள் குடியேற முடியாதபடி, விற்பனைப் பத்திரங்களிலேயே தடை எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துத் தடை இல்லாத இடங்களில் கல்லும் கட்டையும் அந்த வேலையைச் செய்தன.

அந்தக் கோடையிலேயே மூன்று குடும்பங்கள் கூட்டத்தின் தாக்குதலுக்கு ஆளாயின. ஜூன் மாதம் ஸ்போகேன் அவென்யூவில் வீடு வாங்கிக் குடிபோன டாக்டர் அலெக்சாண்டர் டர்னர், பெயர்பெற்ற அறுவை மருத்துவர். குடிபோன அன்றே கூட்டம் வீட்டுக்குள் புகுந்தது. துப்பாக்கி முனையில் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பியது. ஜூலையில் மேலும் இரண்டு வீடுகளின் முன்னால் கூட்டம் திரண்டது. வெள்ளை முகமூடி அணிந்த கு குளுக்ஸ் கிளான் அமைப்பு தெற்கு மாநிலங்களோடு நின்றுவிடவில்லை. 1924-இல் அதன் ஆதரவோடு நின்ற சார்லஸ் பவுல்ஸ், டெட்ராய்ட் மேயர் பதவியைக் கிட்டத்தட்டக் கைப்பற்றிவிட்டார். அவர் பெயர் வாக்குச் சீட்டில் அச்சாகவில்லை, வாக்காளர்களே கையால் எழுத வேண்டியிருந்தது. பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிய ஆயிரக்கணக்கான சீட்டுகள் செல்லாமல் போனதால்தான் அவர் தோற்றார். 1925 நவம்பரில் அவர் மறுபடியும் களத்தில் நின்றார்.

இந்த நகரத்தில்தான் டாக்டர் ஆசியன் ஸ்வீட், கார்லண்ட் அவென்யூ 2905-ஆம் எண் வீட்டை வாங்கினார்.

ஃப்ளோரிடா மாநிலத்தின் பார்ட்டோ என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். அவருக்கு 5 வயது நடக்கும்போது, 1901-இல், அந்த ஊரில் ஃபிரெட் ரோஷெல் என்ற கறுப்பின இளைஞரை ஊரே கூடி நின்று பார்க்க உயிரோடு எரித்தார்கள். ஓஹாயோவில் வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியிலும் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும் எடுபிடி வேலைகள் செய்துகொண்டே படித்து, 1921-இல் டாக்டர் ஆனார். வாஷிங்டனில் படித்துக்கொண்டிருந்த 1919-இல் அங்கும் இனக் கலவரம் மூண்டது. பிறகு டெட்ராய்ட்டில் தொழில், கிளாடிஸ் மிட்செலுடன் திருமணம். சேர்த்த பணத்தில் மனைவியோடு ஐரோப்பா போய் வியன்னாவிலும் பாரிஸிலும் மேல்படிப்பு; மேரி கியூரியின் சொற்பொழிவைக்கூட அங்கே கேட்டிருக்கிறார். மகள் ஐவா 1924-இல் பாரிஸில்தான் பிறந்தாள்.

குழந்தையோடு ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. மஞ்சள் செங்கல் கட்டிய, அடக்கமான மாடி வீடு. 18,500 டாலர் என்பது அந்த வட்டாரத்தில் அப்படியொரு வீட்டுக்கு மிக அதிகமான விலை. கறுப்பருக்கு விற்பதென்றால் விலை கூடும் என்பது அன்றைய வழக்கம். விற்றவரும் கறுப்பினத்தவர்தான், நிறம் வெளிறியிருந்ததால் அக்கம்பக்கத்தார் அவரை வெள்ளையராகவே எண்ணியிருந்தார்கள்.

புதிதாக வருபவர் யார் என்பது தெரிந்ததும் தெருவில் ஒரு சங்கம் முளைத்தது. ‘வாட்டர்வொர்க்ஸ் பார்க் மேம்பாட்டுச் சங்கம்’ என்று பெயர். ஜூலை 14-ஆம் தேதி எதிரேயிருந்த ஹோவ் பள்ளிக்கூட வளாகத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடினார்கள். டாக்டர் டர்னரை விரட்டிய பகுதியிலிருந்து வந்த ஒருவர், அந்தக் காரியத்தை எப்படிச் செய்தோம் என்று விளக்கினார். கைதட்டல் எழுந்தது.

ஸ்வீட் பின்வாங்கவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் குடிபோனார். குழந்தையைக் கிளாடிஸின் பெற்றோரிடம் விட்டார்கள். வண்டியில் கட்டில், நாற்காலிகளோடு துப்பாக்கிகளும் போயின. முதல் இரவு கூட்டம் கூடிக் கலைந்தது. மறுநாள் இரவு இன்னும் பெரிதாகக் கூடியது. வீட்டுக்குள் ஸ்வீட்டின் தம்பி ஹென்றி, நண்பர்கள், காப்பீட்டு முகவர்கள், வேலையாட்கள். சமையலறையில் கிளாடிஸ் இரவுச் சாப்பாடு தயாரித்துக்கொண்டிருந்தார், ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிவாக்கில், பல் டாக்டரான இன்னொரு தம்பி ஓட்டிஸும் நண்பர் ஒருவரும் டாக்சியில் வந்து இறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் கூட்டம் பாய்ந்தது. கற்கள் பறந்தன, ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. சில நிமிடங்களில் மேல்மாடியிலிருந்து குண்டுகள் வெடித்தன.

பிரைனரைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். அவர் இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பனார். அதே தெருவில் குடியிருந்தவர். அவர் கையில் கல் இருந்ததாக எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. அவரைக் கொன்ற குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பதும் கடைசிவரை நிரூபணமாகவில்லை. அவருடைய சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைச் சுற்றித்தான் பின்னால் வந்த வாதங்கள் அனைத்தும் சுழன்றன. அந்தக் கேள்வியின் கனத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

சிறைக்கதவு மூடிய முதல் இரவிலிருந்தே அந்த 11 பேருக்காக ஓடியவர்கள் மூன்று கறுப்பின வழக்கறிஞர்கள்: ஜூலியன் பெர்ரி, செசில் ரோலட், சார்லஸ் மஹோனி. கைதானவர்களைப் பார்க்கவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. போலீஸ் நிலையத்தில் வழக்கறிஞர் உதவி இல்லாமல் மணிக்கணக்கில் விசாரித்து வாங்கிய வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஒருவர் துப்பாக்கியையே பார்க்கவில்லை என்கிறார். மற்றவர் பார்த்தேன் என்கிறார். பயத்தில் சொன்ன பொய்கள் அரசுத் தரப்புக்குப் பரிசாக அமைந்தன.

கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் இந்த வழக்கைக் கையில் எடுத்தது. அதன் செயலாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன். உதவிச் செயலாளர் வால்டர் வைட். வீடு வாங்கும் உரிமைக்காக வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம்வரை போயிருந்த வேறொரு வழக்கையும் அப்போது சங்கம் நடத்திக்கொண்டிருந்தது. ஒருவர் வீட்டை வாங்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அதில் உயிரோடு இருக்க முடியாவிட்டால் அந்த உரிமை எதற்கு என்ற கேள்வி டெட்ராய்ட்டில் எழுந்தது. வைட் உடனே அங்கே போனார். வெள்ளை ஜூரியின் முன்னால் கறுப்பின வழக்கறிஞர் எடுபடமாட்டார், பெயர்பெற்ற வெள்ளை வழக்கறிஞர் தேவை என்று அவர் முடிவு செய்தார். முதல் நாளிலிருந்து உழைத்த மூவருக்கும் அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். அந்த முடிவு நியாயமானது என்று சொல்ல மனம் வரவில்லை. அன்றைய நிலவரத்தில் தவறானது என்றும் சொல்ல முடியவில்லை. மூவரும் விலகாமல் வழக்கில் தொடர்ந்தார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

டாரோவைச் சந்தித்த அந்த நாளைப் பற்றி வைட் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். சங்கத்தின் சார்பில் போனவர்களில் ஆர்தர் ஸ்பிங்கார்ன் என்பவரின் முகத்தைப் பார்த்து, உங்கள் இனத்தார் படும் துன்பம் எனக்குத் தெரியும் என்று டாரோ ஆறுதலாகப் பேசினார். தாம் கறுப்பர் இல்லை என்றார் ஸ்பிங்கார்ன். பக்கத்தில் இருந்தவரிடம் அதையே சொல்ல, அவரும் இல்லை என்றார். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உள்ள வைட்டைத் திரும்பிப் பார்த்து, உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தக் குழப்பமே வராது என்றார் டாரோ. வைட்தான் கறுப்பர்.

அதற்குப் பிறகு டாரோ கேட்ட கேள்விதான் முக்கியம். உள்ளே இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்களா, இல்லையா? வைட் தயங்கினார். உறுதியாகத் தெரியவில்லை என்று இழுத்தார். மழுப்ப வேண்டாம் என்று டாரோ அழுத்திக் கேட்டார். சுட்டிருக்கிறார்கள் என்று நம்புவதாக வைட் சொன்னதும், அப்படியானால் வழக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றார். திருப்பிச் சுடும் தைரியம் அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தால் அவர்களுக்காக வாதாடவே அவர் நினைத்திருக்கமாட்டாராம்.

எதிர்த்தரப்பின் பாதை அந்த நிமிடமே தீர்மானமாகிவிட்டது. சுடவில்லை, யார் சுட்டார்கள் என்று தெரியாது, தவறிச் சுட்டது என்று தப்பிக்கும் வாதங்கள் எதுவும் வேண்டாம். சுட்டார்கள், சுட அவர்களுக்கு உரிமை இருந்தது. அரசுத் தரப்பு ‘யார் கொன்றது?’ என்று கேட்கும். இவர்கள் ‘ஏன் பயந்தார்கள்?’ என்று கேட்க வேண்டும். ஜூரி எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு.

டாரோவோடு ஆர்தர் கார்ஃபீல்டு ஹேஸ் சேர்ந்தார். டேட்டனிலும் உடன் நின்றவர். சட்டப் புள்ளிகளைக் கூர்மையாகப் பிடிப்பவர். 5,000 டாலர் கட்டணத்துக்கு டாரோ ஒப்புக்கொண்டார். அவருடைய பெயருக்கு அது சிறிய தொகை. சங்கமோ நாடெங்கும் உள்ள தேவாலயங்களிலும் கறுப்பினப் பத்திரிகைகள் வழியாகவும் திரட்டத் தொடங்கி, சில மாதங்களில் 75,000 டாலர் அளவுக்குச் சட்ட நிதி சேர்த்துவிட்டது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள்.

நீதிபதி ஃபிராங்க் மர்பிக்கு வயது 35. அயர்லாந்து வம்சாவளிக் கத்தோலிக்கர். ரெக்கார்டர்ஸ் கோர்ட்டில் மற்ற நீதிபதிகள் தொடத் தயங்கிய வழக்கை அவரே தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அரசு வழக்கறிஞர் ராபர்ட் டாம்ஸ் மரியாதை தெரிந்தவர், திறமைசாலி. டாரோவைச் சீண்டினால் அவர் பற்றி எரிவார் என்று புரிந்துகொண்டு வழக்கு முழுவதும் பணிவாகவே நடந்துகொண்டார்.

அக்டோபர் 30-ஆம் தேதி ஜூரி தேர்வு தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் 3-ஆம் தேதி மேயர் தேர்தல் வந்தது. கிளானின் வேட்பாளர் பவுல்ஸ் தோற்று, மேயர் ஜான் ஸ்மித் மறுபடி வென்றார். ஜூரியில் உட்கார்ந்த 12 பேரும் வெள்ளையர்கள், எல்லோரும் ஆண்கள்.

*

எந்தக் குண்டு யாருடையது என்று நிரூபிக்க முடியாது என்பது டாம்ஸுக்குத் தெரியும். அதனால் அவர் கூட்டுச் சதி என்ற வழியைப் பிடித்தார். சின்னச் சாக்குக் கிடைத்தாலும் சுட்டுக் கொல்வது என்று 11 பேரும் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆகவே யார் விரல் விசையை இழுத்திருந்தாலும் குற்றம் எல்லோருக்கும் பொது. இந்தக் கோட்பாடு நிற்க ஒரு நிபந்தனை இருந்தது: வெளியே கூட்டம் இருந்திருக்கக் கூடாது. கூட்டம் இருந்தால் பயத்துக்குக் காரணம் உண்டு. காரணம் இருந்தால் சதி கரைந்துவிடும்.

எனவே எழுபது பேர் அளவுக்குச் சாட்சிகள் வரிசையாக ஏறி, கூட்டம் இல்லை என்றார்கள். சிலர் நடந்துபோனார்கள், சிலர் காற்று வாங்கினார்கள், அவ்வளவுதான். டாரோ குறுக்கு விசாரணையில் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஊர்க்கதை பேசுகிறவர் போல, ஒவ்வொருவரிடமும் நீங்கள் ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டார். ஆர்வத்தால் என்றார்கள். எதைப் பார்க்கும் ஆர்வம்? பதில் வரவில்லை. ஒரு சிறுவன் முதலில் பெருங்கூட்டம் என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, பெரிய கூட்டம் என்று மாற்றி, கடைசியில் சில ஆட்கள் என்று முடித்தான். அப்படிச் சொல்லும்படி யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று டாரோ மென்மையாகக் கேட்க, பையன் ஒப்புக்கொண்டான். தெருவுக்குள் வண்டிகள் வராமல் போக்குவரத்தைத் திருப்பிவிட்டதைக் காவல் துறையினரே ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. கூட்டமில்லாத தெருவில் எதற்குத் திருப்பிவிட வேண்டும்? பள்ளிக்கூடக் கூட்டத்தில் வன்முறைப் பேச்சுக்குக் கைதட்டல் எழுந்ததை ஒரு சங்க உறுப்பினர் வாயாலேயே வரவழைத்தார். வீட்டுக்குள் கிடந்த கல்லும் உடைந்த கண்ணாடியும் சாட்சியத்தில் பதிவாயின.

மிச்சிகன் சட்டப்படி ஆயுதமேந்திய 12 பேரோ, ஆயுதமில்லாத 30 பேரோ மிரட்டும் நோக்கத்தோடு சேர்ந்தால் அது சட்டவிரோதக் கூட்டம். அரசுத் தரப்புச் சாட்சிகளை மட்டும் எண்ணினாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறதே என்றது எதிர்த்தரப்பு. இதைவிட எளிய, இதைவிட வலுவான வாதத்தை இந்தத் தொடரில் நாம் இதுவரை பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பின் முறை வந்தது. வைட்டும் பெர்ரியும் ரோலட்டும் மஹோனியும் தேடிப் பிடித்த கறுப்பினச் சாட்சிகள் கூட்டத்தையும் கல்வீச்சையும் விவரித்தார்கள். ‘டெட்ராய்ட் நியூஸ்’ நிருபர் பிலிப் ஆட்லர், அந்த வழியாகக் குடும்பத்தோடு காரில் போனவர், கூட்டம் 400, 500 பேர் இருக்கும் என்றும், வீட்டின்மேல் கற்கள் ஆலங்கட்டி மழையாக விழும் சத்தம் கேட்டது என்றும் சொன்னார். அவர் வெள்ளையர், எந்தத் தரப்புக்கும் வேண்டியவர் இல்லை. ஜூரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பிறகு ஆசியன் ஸ்வீட் ஏறினார்.

ஹேஸ் அவரிடம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்கத் தொடங்கியதும் டாம்ஸ் எழுந்து ஆட்சேபித்தார். ஃப்ளோரிடாவில் நடந்ததற்கும் கார்லண்ட் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? எதிர்த்தரப்பு இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தது. 1860-இலேயே, அகஸ்டஸ் பாண்ட் என்ற மீனவரின் வழக்கில், மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்திருந்தது: தற்காப்புக்காகச் செயல்பட்டவரை, அவருக்கு அந்த நேரத்தில் நிலைமை எப்படித் தோன்றியது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். பின்னால் நிதானமாக யோசித்துப் பார்க்கும்போது ஆபத்து அவ்வளவு பெரிதில்லை என்று தெரியவந்தாலும் அது அவர் குற்றமாகாது. அப்படியானால், கல் விழும் வீட்டுக்குள் நிற்கும் ஒரு கறுப்பருக்கு நிலைமை எப்படித் தோன்றும்? அவர் கண்டதும் கேட்டதும் படித்ததும் சேர்ந்துதானே அந்தத் தோற்றத்தை உண்டாக்குகின்றன?

மர்பி சாட்சியத்தை அனுமதித்தார். அந்த ஒரு உத்தரவுதான் வழக்கின் திருப்புமுனை என்பது என் கணிப்பு. டாரோவின் நாவன்மையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அது பேச இடம் கிடைத்ததே ஹேஸ் வாங்கித் தந்த இந்த அனுமதியால்தான்.

ஸ்வீட் பேசினார். பார்ட்டோவின் தீ, வாஷிங்டன் கலவரத்தில் டிராமிலிருந்து இழுத்துப் போட்டு அடிக்கப்பட்ட ஒரு மனிதர், ஆர்கன்சாவில் கொல்லப்பட்ட நான்கு சகோதரர்கள், 1921-இல் டல்சாவில் சரணடைந்த பிறகும் சுடப்பட்ட டாக்டர் ஜாக்சன், டெட்ராய்ட்டில் டாக்டர் டர்னர். கதவைத் திறந்து வெளியே நின்றவர்களைக் கண்டபோது, தம் மக்களைக் காலம் காலமாகத் துரத்திவந்த அதே கூட்டம் கண் முன் நிற்பதாகத் தோன்றியது என்றார். போலீசிடம் ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள் என்று டாம்ஸ் மடக்கியபோது தடுமாறினார். ஆனால் அந்தப் பயத்தை டாம்ஸால் அசைக்க முடியவில்லை.

வெள்ளையரோ கறுப்பரோ, ஒருவருடைய வீடு அவருக்குக் கோட்டை என்று மர்பி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கினார். நவம்பர் 25-ஆம் தேதி ஜூரர்கள் உள்ளே போனார்கள். மறுநாள் நன்றி நவிலல் திருநாள். அன்றும் அவர்கள் வெளியே வரவில்லை. கூச்சல் கூடம்வரை கேட்டது. 46 மணி நேரத்துக்குப் பிறகு, 27-ஆம் தேதி, ஒருமித்த முடிவு சாத்தியமில்லை என்றார்கள். மர்பி ஜூரியைக் கலைத்தார்.

12 வெள்ளையர்கள் இரண்டு பகல் இரண்டு இரவு தங்களுக்குள் சண்டை போட்டார்கள் என்பதே அந்த நகரத்துக்குப் புதிது. எல்லோருக்கும் ஜாமீன் கிடைத்தது. கிளாடிஸ் மட்டும் அக்டோபரிலேயே ஜாமீனில் வந்திருந்தார்.

*

அடுத்த முறை ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது. டாம்ஸ் தமக்கு எளிதான ஆளை முதலில் நிறுத்தினார்: சுட்டதாக ஒப்புக்கொண்ட ஹென்றி ஸ்வீட். கல்லூரி மாணவன்.

1926 ஏப்ரலில் அந்த விசாரணை தொடங்கியபோது ஹேஸ் வர முடியவில்லை. அவருடைய இடத்தில் உள்ளூர்க் குற்றவியல் வழக்கறிஞர் தாமஸ் சாக் அமர்ந்தார். 7,500 டாலர் கேட்டார். டாரோவின் கட்டணத்தைவிட ஒன்றரை மடங்கு. லட்சிய வேகம் அவருக்கு இல்லை. ஆனால் டெட்ராய்ட் ஜூரர்கள் எப்படி யோசிப்பார்கள், எந்தச் சாட்சிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அத்துப்படி. ஜூலியன் பெர்ரி இந்த முறையும் மேசையில் இருந்தார்.

மே 11-ஆம் தேதி டாரோ தொகுப்புரைக்கு எழுந்தார். ஏழு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். கூண்டில் நிற்பது ஹென்றி அல்ல, நம் மனத்தில் இருக்கும் இனவெறுப்பு என்று ஜூரர்களிடம் நேராகவே சொன்னார். உங்களிடம் அது இல்லை என்று புகழவில்லை, உங்களிடமும் என்னிடமும் இருக்கிறது, அதைத் தாண்டி யோசியுங்கள் என்று கேட்டார். நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னார்: 11 வெள்ளையர்கள் ஒரு வீட்டுக்குள், வெளியே கறுப்பர் கூட்டம், உள்ளேயிருந்து சுட்டு ஒரு கறுப்பர் இறந்தால் வழக்கே வந்திருக்குமா? அவர்களுக்குப் பதக்கம் குத்தியிருப்பார்கள் என்றார். பிரைனரின் சாவையும் அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. நீதிமன்றத்தில் பலர் அழுதார்கள். பெஞ்சில் இருந்த மர்பியே பிறகு நெகிழ்ந்து பேசியிருக்கிறார்.

மே 13-ஆம் தேதி ஜூரி உள்ளே போனது. நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. குற்றவாளி அல்ல.

1927-இல் டாம்ஸ் மற்ற 10 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார்.

வழக்கில் வென்றவர்களின் வாழ்க்கை வெல்லவில்லை. கிளாடிஸுக்குக் காசநோய், சிறையில் தொற்றியது என்பதே குடும்பத்தின் நம்பிக்கை. குழந்தை ஐவா 1926 ஆகஸ்டில், 2 வயதில், அதே நோயால் இறந்தாள். கிளாடிஸ் 1928-இல் போய்ச்சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் ஆசியன் ஸ்வீட் கார்லண்ட் தெரு வீட்டில் நிலையாகக் குடியேறினார். 1950-களின் பிற்பகுதிவரை அதை வைத்திருந்தார். ஹென்றி சட்டம் படித்து வழக்கறிஞரானார். அவரையும் 1940-இல் காசநோய் கொண்டுபோனது. 1960 மார்ச்சில் டாக்டர் ஸ்வீட் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

சட்டத்தின் கணக்கும் உடனே நேராகிவிடவில்லை. ஹென்றி விடுதலையாகி 11 நாள் கழித்து, மே 24-ஆம் தேதி, பத்திரங்களில் கறுப்பருக்குத் தடை எழுதும் வழக்கத்தை எதிர்த்து வாஷிங்டனில் சங்கம் நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதன் பிறகு அந்தத் தடைகள் டெட்ராய்ட்டில் இன்னும் பெருகின. 22 ஆண்டுகள் கழித்து, 1948-இல்தான், அப்படிப்பட்ட தடைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டிலிருந்து போனது. தீர்ப்பில் உடன்பட்ட ஆறு நீதிபதிகளில் ஒருவர் ஃபிராங்க் மர்பி. டெட்ராய்ட் மேயராகவும் மிச்சிகன் ஆளுநராகவும் இருந்துவிட்டு 1940-இல் அங்கே போயிருந்தார். 1944-இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களுக்கு அனுப்பியதை நீதிமன்றம் ஏற்றபோது, அது இனவெறிக்குச் சட்ட அங்கீகாரம் தருவது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அவர்தான். டாம்ஸும் பின்னாளில் நீதிபதியானார். நாஜிக் குற்றவாளிகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றங்களில் ஒன்றுக்குத் தலைமை வகித்தார்.

டாரோவும் ஹேஸும் இன்னொரு முறை ஒன்றாக ரயில் ஏறினார்கள். 1931 டிசம்பர், அலபாமா மாநிலம், ஸ்காட்ஸ்பரோ வழக்கு: மின்சார நாற்காலிக்குத் தீர்ப்பாகியிருந்த கறுப்பினச் சிறுவர்களுக்காக. அங்கே போய்ச் சேர்ந்தும் இருவரும் வாதாடாமலே விலக நேர்ந்தது. அவர்கள் விட்ட இடத்தில் நியூயார்க்கிலிருந்து வந்து நின்றவர் சாமுவேல் லீபோவிட்ஸ். அவரைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)